கண்ணீரும் அருளே

ஹிஜ்ரி 10ஆம் ஆண்டில், நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் அருமை மைந்தர் இப்ராஹீம் பாலகப் பருவத்திலேயே மதீனாவில் மறைந்தார். மகனை ஏந்திப் பெருமானார் கண்ணீர் உகுத்தார்கள். வியந்த தோழரிடம், அஃது அருளின் வெளிப்பாடு என்றார்கள்.

அன்றே சூரிய கிரகணமும் நிகழ்ந்தது. மைந்தரின் மறைவே அதற்குக் காரணம் என மக்கள் பேசினர். எவர் இறப்புக்காகவும் கிரகணம் பிடிப்பதில்லை என மறுத்த அண்ணலார், தொழுகையில் நின்றார்கள். துயரத்துக்கு விண்ணில் விளக்கம் தேடவில்லை, துயரமாகவே ஏற்றார்கள்.

இன்றோ, மரணம் நேர்ந்த இல்லத்தில் குற்றமும் சகுனமும் துருவுவோர் உளர். வாழ்வு விடுவிக்கவேண்டிய புதிரன்று. இறைவன் தந்த அமானிதம். பிள்ளையை இழந்த தாய்க்குக் காரணம் கூறுதல் வேண்டா. அருகமர்ந்து அவள் துயரில் பங்கேற்போமாக!