பால் பணமும் நெல் பணமும்

“விவசாயிக்கு ஏது வருமான வரி?” என்ற பேச்சு கிராமங்களில் பொதுவாக உண்டு. அது பாதிதான் உண்மை. நிலத்தில் விளைந்த நெல், கரும்பு, வாழை ஆகியவற்றின் வருமானத்துக்கு வருமான வரி கிடையாது. நாற்றுப் பண்ணையில் வளர்த்து விற்கும் கன்றுகளுக்கும் அவ்வாறே. ஆனால் கறவை மாடும் கோழிப் பண்ணையும் சட்டத்தின் பார்வையில் தொழில். அவற்றின் இலாபம் வரிக் கணக்கில் சேரும்.

இரண்டு பணமும் ஒரே வங்கிக் கணக்கில் கலந்து கிடந்தால், விளக்கம் கேட்டு நோட்டீசு வரும் நாளில் பிரித்துக் காட்டுவது கடினம். வரியில்லாத நெல் பணத்துக்கும் வரி கட்ட நேரிடலாம். ஆகவே நிலத்துக்கு ஒரு நோட்டு, மாட்டுக்கு ஒரு நோட்டு வைப்பது நல்லது. கமிஷன் கடைச் சீட்டு, பால் பட்டியல், தீவன ரசீது ஆகியவற்றைப் பத்திரப்படுத்த வேண்டும்.

சிறு தொழிலுக்குச் சலுகையும் உண்டு. ஆண்டு விற்பனை 2 கோடி ரூபாய்க்கு உட்பட்டிருந்தால், குறைந்தது 8 சதவீதத்தை இலாபமாகக் காட்டலாம். வங்கி வழியாக வந்த தொகைக்கு 6 சதவீதம். 10 லட்சம் ரூபாய்க்குப் பால் விற்றவருக்கு, ரொக்கமானால் 80,000, வங்கி வழியானால் 60,000 ரூபாய் இலாபக் கணக்கு.

இந்த விவரத்தை ஆடிட்டர் வீட்டுத் திண்ணையில் காத்திருந்து அறியும் நிலை கூடாது. ஒவ்வொரு பால் சங்கத்திலும் எளிய தமிழில் எழுதி ஒட்டுவது வரித்துறையின் கடமை.