அதெல்லாம் ஒரு கேமா?

2020 செப்டம்பர் 2 அன்று மத்திய அரசு 118 செயலிகளைத் தடை செய்தது. பட்டியலில் பப்ஜி மொபைல் என்ற துப்பாக்கிச் சண்டை விளையாட்டும் இருந்தது. அதன் போட்டி விளையாட்டான ஃப்ரீ ஃபயரை ஆடுகிறவர்கள் யூடியூப் கமென்ட்டுகளில் கொண்டாடித் தீர்த்தார்கள். 2022 பிப்ரவரியில் 54 செயலிகள் கொண்ட இன்னொரு பட்டியல் வந்தது. அதில் ஃப்ரீ ஃபயர். இப்போது பப்ஜி தரப்பின் முறை, மீம்கள் பறந்தன. அதே ஆண்டு ஜூலையில் பப்ஜியின் இந்திய அவதாரமான பிஜிஎம்ஐயும் ஆப் ஸ்டோர்களிலிருந்து காணாமல் போனது. தன் விளையாட்டு போன வருத்தத்தைவிட அடுத்தவன் விளையாட்டு போன சந்தோஷம்தான் பெரிதாகத் தெரிந்தது.

இதை ரஜினி - கமல் ரசிகர் சண்டையின் தொடர்ச்சி என்று சொல்வார்கள். முழுக்கப் பொருந்தாது. ரஜினி படத்துக்கும் கமல் படத்துக்கும் டிக்கெட் விலை ஒன்றுதான். இங்கே யார் எந்த விளையாட்டை ஆடுவது என்பதைப் பல நேரம் ரசனை முடிவு செய்வதில்லை, கையில் இருக்கும் போன் முடிவு செய்கிறது. 2018இல் வந்த பப்ஜி மொபைலுக்குக் குறைந்தது 2 ஜிபி ரேம் வேண்டும். நூறு பேர் இறங்கும் ஆட்டம் முடிய அரை மணி நேரம் ஆகும். சிங்கப்பூரின் கரேனா நிறுவனம் கொண்டுவந்த ஃப்ரீ ஃபயரில் ஐம்பது பேர், பத்து நிமிடம் சொச்சம். ரேம் குறைந்த பழைய போனிலும் ஓடும். அப்பா வேலையிலிருந்து வந்து குளிக்கப் போகும் இடைவெளியில் அவர் போனை எடுத்து ஆடும் பையனுக்கு எது வாய்க்கும்?

ஆகவே, “அதெல்லாம் ஒரு கேமா?” என்று பப்ஜிக்காரர் கேட்கும்போது அந்தப் பையன் காதில் விழுவது, “அதெல்லாம் ஒரு போனா?” என்பதுதான். கேட்டவர் அப்படி நினைக்காமலேகூட இருக்கலாம். வேடிக்கை என்னவென்றால், கணினியில் பப்ஜி ஆடுகிறவர்கள் மொபைல் பப்ஜிக்காரர்களைப் பார்த்து அதே கேள்வியைக் கேட்கிறார்கள். கண்ணாடித் திரையை விரலால் தேய்ப்பதெல்லாம் கேமிங்கா என்று.

எனக்கும் ஃப்ரீ ஃபயர் பிடிக்காது. கண்ணைப் பறிக்கும் கலர், எதிரியைச் சுட்டுவிட்டு அவன் முன்னால் போடும் நடனம், ஒவ்வொரு முறை திறக்கும்போதும் முகத்தில் அறையும் விளம்பரப் பலகைகள். இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. ஆனால் “சின்னப் பசங்க கேம், குறியே வைக்க வேண்டாம், தானா சுடும்” என்ற வழக்கமான கேலி இருக்கிறதே, அது தவறான தகவல். அந்த ஆட்டத்தில் குறி தானாக எதிரியைப் பிடித்துக்கொள்வது உண்மை. பிடிப்பது உடம்பை. தலையில் சுட வேண்டுமானால் சுடும் பொத்தானை அழுத்திய விரலைச் சட்டென்று மேல்நோக்கி இழுக்க வேண்டும். கொஞ்சம் கூடினால் குண்டு தலைக்கு மேலே போகும், குறைந்தால் நெஞ்சிலேயே நிற்கும். டிராக் ஹெட்ஷாட் என்பார்கள். இதற்கிடையே எதிரி சுட்டால் அரை நொடிக்குள் க்ளூ வால் என்னும் தடுப்புச் சுவரை எறிந்து பின்னால் உட்கார வேண்டும். செய்து பார்த்தவர்கள் இதைச் சின்னப் பசங்க வேலை என்று சொல்ல மாட்டார்கள்.

பிடிக்கவில்லை என்பதை ஆடுகிறவரை மட்டம் தட்டாமல் சொல்ல, பலகை விளையாட்டுக்காரர்களின் போர்டுகேம்கீக் தளத்தில் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. மதிப்பெண் பத்துக்குத்தான், ஆனால் ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் ஒரு விளக்கம் இருக்கும். பத்து என்றால் எப்போது கூப்பிட்டாலும் வருவேன். ஆறு என்றால் மனசு இருந்தால் ஆடுவேன். மூன்று என்றால் மறுபடி ஆடுவது சந்தேகம். விளையாட்டின் தகுதியைப் பற்றிப் பேசுவதைவிட, ஆடுகிறவர் தன்னைப் பற்றிச் சொல்லச் சொல்கிறது இந்த அளவுகோல். மூன்று போட்டவரோடு சண்டை போட முடியாது. அவர் வரமாட்டார், அவ்வளவுதான். ஆனால் ஒன்றாம் எண்ணுக்கு வந்ததும் அவர்களுக்கும் பொறுமை போய்விட்டிருக்கிறது. இதை விளையாட்டு என்றே சொல்ல முடியாது என்கிற தோரணையில் எழுதிவைத்திருக்கிறார்கள். எல்லோரும் கடைசியில் வந்து நிற்கும் இடம் அதுதான் போலிருக்கிறது.

மரியாதை என்ற பெயரில் விமர்சனத்தின் வாயை அடைப்பதா என்று கேட்கலாம். மரியாதை ஆடுகிறவருக்கு, நிறுவனத்துக்கு யாரும் தர வேண்டியதில்லை. ஃப்ரீ ஃபயரைக் கடுமையாகத் திட்ட உருப்படியான காரணம் இருக்கிறது. பப்ஜியில் துப்பாக்கிக்கு ஸ்கின் வாங்கினால் அழகு மட்டும்தான் மாறும். ஃப்ரீ ஃபயரில் பல ஸ்கின்கள் துப்பாக்கியின் பலத்தையே மாற்றும்: அடி கூடும், அல்லது சுடும் வேகம் கூடும். கதாபாத்திரங்களுக்குத் தனித் திறமைகள் உண்டு. பிரேசில் டிஜே அலோக்கின் பெயரில் வந்த பாத்திரத்தை வாங்க 599 டைமண்ட் வைத்திருந்தார்கள். டைமண்ட் என்பது காசு. ஸ்கின்களில் பலவற்றை நேராக வாங்கவும் முடியாது, குலுக்கலில் விழ வேண்டும். காசு உள்ளவன் கை ஓங்கும் இந்த ஏற்பாட்டால் முதலில் அடிபடுவது அப்பா போனில் ஆடும் அதே பையன்தான். அவனே இதைப் பற்றிப் புலம்பிக்கொண்டிருப்பான்.

அப்படிப்பட்டவனிடம் போய் “பாட்”, “நூப்” என்று ஆடத் தெரியாதவனாக மட்டம் தட்டினால் என்ன நடக்கிறது? புலம்பலை நிறுத்திவிட்டு கரேனாவுக்காக வாதாட ஆரம்பிக்கிறான். குலுக்கலின் அநியாயம் பேச்சிலிருந்தே போய்விடுகிறது. சம்பளம் இல்லாத வழக்கறிஞர்களை நிறுவனத்துக்குப் பிடித்துக் கொடுத்தவர்கள் அதை வெறுப்பவர்கள்தான். அதற்குப் பதிலாக அவனிடம், “அந்த ஸ்கின் இல்லாதவன் எதிரில் வந்தால் எத்தனை குண்டு வித்தியாசம்?” என்று கேட்டுப் பாருங்கள். எந்தத் துப்பாக்கி, எந்த ஸ்கின், எத்தனை சுற்றுக் குலுக்கலுக்கு எவ்வளவு போனது என்று அவனே வந்து கணக்குச் சொல்வான்.