பம்ப்லோனாவில் பார்க்க வேண்டியது காளைகள் மட்டுமல்ல

ஸ்பெயினின் பம்ப்லோனாவுக்குப் போகிறவர்கள் காளை ஓட்டத்தையும் எழுத்தாளர் ஹெமிங்வேயையும் தேடுகிறார்கள். பிரெஞ்சுச் சுவடுகளைத் தேடி நடப்பதே மேல் என்பேன். நகரமன்றத்தில் தொடங்கலாம். ஒருகாலத்தில் தனித்தனி மதில்களுக்குள் இருந்து மோதிக்கொண்ட மூன்று குடியிருப்புகள் சந்தித்த இடம் அது. அவற்றில் சான் செர்னின் பிரெஞ்சுக் குடியேறிகளுடையது. அங்குள்ள தேவாலயமும் துலூஸ் நகரப் புனிதரின் பெயரில்தான் நிற்கிறது. 1129இல் மன்னர் முதலாம் அல்ஃபோன்சோ வந்தேறிகளுக்குச் சலுகைகளை வாரி வழங்கினார். மண்ணின் மைந்தர்களான நவாரியர்கள் சான் செர்னினுக்குள் குடியேறவே தடை! பகை முற்றி, 1276இல் பிரெஞ்சுப் படை அண்டைக் குடியிருப்பான நவரேரியாவைச் சூறையாடி அழித்தது. 1423இல் மூன்றையும் ஒன்றாக்கிய மூன்றாம் கார்லோஸ் மன்னரும் பிரான்சில் பிறந்தவர்தான். 1808இல் நெப்போலியனின் வீரர்கள் பனி உருண்டை எறிந்து விளையாடுவதுபோல் நடித்துக் கோட்டையைப் பிடித்தது எல்லோரும் ரசிக்கும் கதை. ஆனால் ‘பிரெஞ்சுத் தாக்கம்’ என்ற இனிப்பான சொல்லுக்குள் 1276ஐ மறைக்கும் சுற்றுலாவுக்குக் காசு கொடுக்காதீர்கள்.