சுவருக்கு உள்ளேயும் உயிர்தான்

1993 ஏப்ரல் 9 அன்று பாலாற்றில் கண்ணிவெடிக்கு 22 பேர் பலியானார்கள். வழக்கை விசாரித்தது மைசூரு தடா நீதிமன்றம். குற்றவாளிகள் நால்வரின் தூக்குத் தண்டனையை 2014 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஆயுளாகக் குறைத்தது. கருணை மனு நிலுவையில் இருக்கும்போது கைதியைத் தனிமைச் சிறையில் அடைப்பது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்றும் அதே தீர்ப்பு சொன்னது. எவ்வளவு கொடிய குற்றமானாலும் கைதியின் உயிருக்கு அரசே பொறுப்பு.

அந்தப் பொறுப்பு மைசூரு மத்தியச் சிறையில் தவறியது. சிறை பேக்கரியில் கேக்குக்கு வைத்திருந்த எசென்ஸைக் குடித்த கைதிகள் மூவர் 2025 ஜனவரியில் இறந்தார்கள். சிறைப் பாதுகாப்பு என்றால் நமக்கு மதிலும் ஜாமரும் செல்போன் சோதனையும்தான் நினைவுக்கு வருகின்றன. அவை வேண்டியவையே. ஆனால், இந்த மூவரும் தப்பி ஓடவில்லை; காவலுக்குள்ளேயே இறந்தார்கள். ரசாயனங்களைப் பூட்டி வைத்து, அளந்து கொடுத்து, கணக்கு எழுத பெரிய நிதி தேவையில்லை. வயிற்றுவலி என்று ஒரு கைதி சொன்னதும் மருத்துவர் பார்க்க வேண்டும். நடிப்பு என்று ஒதுக்கக் கூடாது. கர்நாடக அரசு எல்லாச் சிறைப் பட்டறைகளையும் சமையற்கூடங்களையும் உடனே தணிக்கை செய்து, அறிக்கையை வெளியிட வேண்டும்.