பழைய தாளும் புதிய நாளிதழும்



2022ம் ஆண்டு மார்ச் மாதத்தில், இலங்கையின் தி ஐலண்ட் என்ற ஆங்கில நாளிதழும், திவயின என்ற சிங்கள நாளிதழும் தங்கள் சனிக்கிழமைப் பதிப்பை அச்சிடுவதை நிறுத்தின. எழுதுவதற்குச் செய்திகள் இல்லாமல் அல்ல, அச்சிடுவதற்குத் தாள் இல்லாமல்! அதே மாதத்தில் மேல் மாகாணப் பள்ளிகளில் நடைபெறவிருந்த தவணைத் தேர்வுகளும் தாள், மைத் தட்டுப்பாட்டால் தள்ளிவைக்கப்பட்டன. வெளிநாட்டுத் தாளை வாங்க அந்நாட்டின் கையில் டாலர் இல்லை.

இது பக்கத்து நாட்டின் கதை என்று நாம் ஒதுங்கிவிட முடியாது. இந்திய நாளிதழ்களுக்கான தாளிலும் பெரும்பகுதி இறக்குமதி செய்யப்படுவதே. 2022ல் உக்ரைனில் போர் மூண்டபோது, இரஷ்யாவிலிருந்து வரவேண்டிய தாள் தடைப்பட்டு, இங்கும் விலை உயர்ந்தது. ஆனால், தாளுக்குரிய மூலப்பொருள் நம் வீட்டு மூலையிலேயே கட்டுக்கட்டாகக் கிடக்கிறது என்பதை நாம் எண்ணிப் பார்த்திருக்கிறோமா?

தாள் என்பது தாவர நார்கள் ஒன்றோடொன்று பிணைந்து உருவாவது. மரத்தைக் கூழாக்கி, ஓடும் கம்பிவலைமீது பரப்பி, நீரை வடித்து, அழுத்தி, சூடான உருளைகளில் உலர்த்தினால் தாள் கிடைக்கும். வலைமீது விழும் கூழில் ஏறத்தாழ 99 விழுக்காடு தண்ணீர்தான். செய்தித்தாளுக்கான கூழ் பெரும்பாலும் மரத்தை அரைத்தே எடுக்கப்படுவதால், மரத்திலுள்ள லிக்னின் என்ற பொருள் அதிலேயே தங்கிவிடுகிறது. வெயில் பட்ட நாளிதழ் விரைவில் மஞ்சளாவது இதனால்தான்.

படித்து முடித்த நாளிதழையும் இவ்வாறே மீண்டும் கூழாக்கலாம். அதைத் தண்ணீர், சோடா, சோப்புப் பொருள்கள் சேர்த்துக் கரைப்பார்கள். பிறகு கூழினுள் காற்றைச் செலுத்துவார்கள். மைத்துகள்கள் காற்றுக்குமிழிகளில் ஒட்டிக்கொண்டு நுரையாக மேலே வரும். நுரையை வழித்தெடுத்தால், கீழே தூய்மையான கூழ் நிற்கும். அச்சிட்ட தாளிலிருந்து மையை நீக்கிப் புதுத்தாள் செய்யலாம் என்று ஜெர்மானியச் சட்ட அறிஞர் யுஸ்டுஸ் கிளாப்ரோத் 1774ம் ஆண்டிலேயே எழுதினார். அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் 1961ல் தொடங்கப்பட்ட ஓர் ஆலை, பழைய நாளிதழ்களை மட்டுமே கொண்டு செய்தித்தாளுக்குரிய தாளைத் தயாரித்துக் காட்டியது.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. ஒவ்வொரு முறையும் நார் சிறிது குட்டையாகி வலுவிழக்கிறது. ஏறக்குறைய ஐந்து முதல் ஏழு முறைக்குமேல் அது பயன்படாது. எனவே புதிய நாரும் தேவைதான். அதற்காகக் காட்டை மட்டுமே நம்பியிருக்க வேண்டியதில்லை என்பதற்குக் கரூர் அருகே காகிதபுரத்தில் உள்ள தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் சான்று. 1979ல் நிறுவப்பட்டு, 1984ல் உற்பத்தியைத் தொடங்கிய இந்த ஆலை, கரும்புச் சக்கையிலிருந்து தாள் செய்தது.

நாம் உற்பத்தி செய்யும் தாளில் பெரும்பகுதி மறுசுழற்சிக்குச் செல்லாமல் எறியப்படுகிறது என்று, மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், 2015ம் ஆண்டு வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' என்ற திருமடலில் வருந்தினார். நம் வீடுகளில் நடப்பதும் இதுதானே! எண்ணெய் பட்ட தாள், எச்சில் உணவோடு சேர்த்துக் கட்டிய தாள், மழையில் நனைந்து மட்கிய தாள், இவை ஆலைக்குப் பயன்படுவதில்லை. குப்பையோடு கொளுத்தப்படும் தாளோ புகையாகிப் போகிறது.

உலர்ந்த தாளைத் தனியே கட்டி வைப்பதற்குச் செலவு ஏதுமில்லை. தெருவில் குரல் கொடுத்து வரும் பழைய பேப்பர்காரரும், அதிகாலையில் சாக்குப்பையோடு தாள் பொறுக்கும் பெண்ணும் அந்த ஆலையின் முதல் தொழிலாளர்கள். நாம் குப்பையில் கலந்துவிட்ட தாளை, அவர்கள் கையால் கிளறிப் பிரித்தெடுக்கிறார்கள். நாம் பிரித்துக் கொடுத்தால், அவர்கள் கைக்கு அழுக்கு குறையும், எடைக்குரிய விலையும் கூடும்.

நாளைக் காலை நாளிதழைப் படித்து மடித்து வைக்கும்போது, அது அடுத்து யார் கைக்குப் போகும், எந்த நிலையில் போகும் என்று ஒரு நிமிடம் சிந்திப்போமா?