விலையைக் கேட்குமுன் தூரத்தைச் சொல்லுங்கள்!

மயிலாப்பூர், தி.நகர், அடையாறு பக்கம் தனியார் கண் ஆஸ்பத்திரிகள் பலவற்றில், கண்புரை ஆபரேஷன் என்றதும் 'பேக்கேஜ்' பட்டியலை நீட்டுகிறார்கள். லென்ஸுக்குத் தகுந்த ரேட். கூட வந்த பிள்ளை, "அம்மாவுக்கு இருக்கறதுலயே பெஸ்ட் லென்ஸா வெச்சுடுங்க டாக்டர்" என்கிறார். இல்லாவிட்டால் இன்ஷூரன்ஸில் எவ்வளவு வரும் என்று கணக்குப் பார்க்கிறார். கண்ணுக்குச் சொந்தக்காரி மட்டும் வாயைத் திறப்பதில்லை!

வழக்கமாக வைக்கும் மோனோஃபோகல் லென்ஸ் ஒரே தூரத்துக்குத்தான். பெரும்பாலும் தூரப் பார்வைக்கே வைப்பார்கள். பஸ் நம்பர், டி.வி. பளிச்சென்று தெரியும். பேப்பர் படிக்க, ஊசியில் நூல் கோக்க, மாத்திரை அட்டையில் தேதி பார்க்கக் கண்ணாடி வேண்டும். மல்டிஃபோகல் லென்ஸ், உள்ளே வரும் வெளிச்சத்தைக் கிட்டத்துக்கும் தூரத்துக்கும் பங்கு போடுகிறது. கண்ணாடித் தேவை குறையும். ஆனால் ராத்திரியில் விளக்கைச் சுற்றி சிலருக்கு வளையம் தெரியும். மங்கின வெளிச்சத்தில் எழுத்து அவ்வளவு எடுப்பாக இராது. சர்க்கரை நோயால் விழித்திரை கெட்டவர்களுக்குப் பொதுவாக இது ஒத்துவராது. ஆக, விலை கூடினால் உசத்தி என்பதில்லை.

எங்கள் தெருவில் ஒரு மாமி. சின்ன வயசிலிருந்தே கிட்டப் பார்வை. படிக்கும்போது மட்டும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிடுவார். ஆபரேஷன் நன்றாகவே நடந்தது. கோபுரம் தெரிகிறது, ஸ்லோகப் புத்தகம் தெரியவில்லை! "இத்தனை வருஷமா வெறுங்கண்ணால படிச்சேன், அதுவும் போச்சே" என்று அங்கலாய்க்கிறார். அதே சாதாரண லென்ஸையே, பவரை மாற்றிக் கிட்டப் பார்வைக்கு வைத்திருக்கலாம். அதற்குத் தனியாகக் காசும் இல்லை. வெளியே போகும்போது மட்டும் கண்ணாடி போட்டுக்கொண்டிருப்பார். அவரை யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

1949-ல் லண்டனில் ஹெரால்டு ரிட்லி முதன்முதலில் கண்ணுக்குள் லென்ஸ் வைத்தார். நம் மதுரையில் 1992-ல் தொடங்கிய ஆரோலேப், இறக்குமதி லென்ஸின் விலையில் ஒரு சிறு பங்குக்கே லென்ஸ் செய்து கொடுத்தது. நம் பாட்டிமார் போட்ட சோடாபுட்டிக் கண்ணாடி ஒழிந்தது இதனால்தான். இன்று எழும்பூர் அரசு கண் மருத்துவமனை போன்ற இடங்களில் ஏழைகளுக்கு இலவசமாகவே லென்ஸ் வைக்கிறார்கள். கிடைப்பது கஷ்டமாக இருந்த காலம் போய், தேர்ந்தெடுப்பது கஷ்டமாகிவிட்டது.

எனவே சகோதரிகளே, ஆபரேஷனுக்கு முன்பே டாக்டரிடம் சொல்லுங்கள்: நாள் முழுக்க எதைப் பார்க்கிறீர்கள்? புத்தகமா, தையலா, அடுப்பா, கம்ப்யூட்டரா? ராத்திரி வண்டி ஓட்டுவீர்களா? இதுவரை வெறுங்கண்ணால் படித்தீர்களா? வைத்த லென்ஸைப் புடவை மாதிரி மாற்றிக்கொண்டு வர முடியாது. ஆஸ்பத்திரிக்காரர்களும் ரேட் அட்டையை நீட்டுமுன், "நீங்க எதைப் படிக்கணும்மா?" என்று ஒரு வார்த்தை கேட்கட்டுமே!

– ஒரு வாசகி, மயிலாப்பூர், சென்னை-4.