துல்லியத் தொழில்நுட்பமும் பெங்களூருவின் படிப்பினையும்

பெங்களூரு இன்று அந்நிய நிறுவனங்களின் ஆய்வு மையங்களால் நிறைந்திருக்கிறது. கையெழுத்தாகும் ஒவ்வொரு புரிந்துணர்வு ஒப்பந்தத்தையும் ஒன்றிய ஆட்சியாளர்கள் தங்கள் சாதனைக் கணக்கில் எழுதிக்கொள்கின்றனர். சர்வதேச ஆய்வு ஒத்துழைப்பை இடதுசாரிகள் எதிர்ப்பதில்லை. அதன் விதிகளை வகுப்பது யார், பயன் எங்கே தங்குகிறது என்பதே கேள்வி. விடை தேடத் தொலைதூரம் போக வேண்டியதில்லை. அதே நகரின் ஜாலஹள்ளி போதும்.

1953இல் அங்கே இந்துஸ்தான் மெஷின் டூல்ஸ் (எச்.எம்.டி.) தொடங்கப்பட்டபோது சுவிட்சர்லாந்தின் ஓர்லிகான் நிறுவனம் தொழில்நுட்பம் அளித்தது. 1961இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவன உதவியுடன் கைக்கடிகார உற்பத்தி தொடங்கியது. 1962இல் செக்கோஸ்லோவாக்கியாவின் ஒத்துழைப்போடு, இன்று சிஎம்டிஐ எனப்படும் ஆய்வு நிறுவனம் துமகூரு சாலையில் எழுந்தது. முதலாளித்துவ நாடுகளோடும் சோசலிச நாட்டோடும் ஒருசேரப் பேரம் பேச இந்தியாவால் முடிந்தது. வலுவான பொதுத்துறையும் சோசலிச முகாமும் அன்று இருந்தன.

ஆனால் வரைபடம் வந்துவிட்டால் துல்லியம் வந்துவிடாது. ஒரு மீட்டர் நீள எஃகுத் தண்டு, வெப்பம் ஒரு டிகிரி கூடினாலே ஏறத்தாழ 11 மைக்ரான் நீளும். தலைமயிரின் தடிமனே சுமார் 70 மைக்ரான்தான். சில மைக்ரான் பிழைக்குள் ஓட வேண்டிய இயந்திரத்தின் சறுக்குப் பாதையில் நீல மை தடவி, மேடு தெரியும் இடங்களைக் கையால் சுரண்டிச் சுரண்டிச் சமன் செய்தவர்கள் தொழிலாளர்கள். எந்த ஒப்பந்தப் பத்திரத்திலும் எழுதப்படாத அத்திறன் மூத்த தொழிலாளியிடமிருந்து இளையவர் கைக்குச் சென்றது. 1980 டிசம்பரில் தொடங்கி 77 நாட்கள் நீடித்த பெங்களூரு பொதுத்துறை வேலைநிறுத்தத்தில் உறுதியோடு நின்றவர்களும் இவர்களே.

தாராளமயம் இந்தச் சங்கிலியை அறுத்தது. இறக்குமதிக்குக் கதவு திறந்தது; பொதுத்துறைக்கு முதலீடு வற்றியது. எச்.எம்.டி. வாட்சஸ் நிறுவனத்தை மூட 2016இல் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. இப்போது புத்துயிர் பற்றிய அறிவிப்புகளுக்கு நடுவே, எச்.எம்.டி. வசமுள்ள நிலம் வனநிலமா என்று மாநில வனத்துறையும் ஒன்றிய கனரகத் தொழில்துறையும் மல்லுக்கட்டுகின்றன. இயந்திரங்களைவிட ஏக்கர்களைப் பற்றியே பேச்சு அதிகம்.

காசு கொடுத்தால் எதுவும் கிடைக்கும் என்பது சந்தை பக்தர்களின் நம்பிக்கை. ஜப்பானின் தோஷிபா மெஷின் நிறுவனம், கப்பல் சுழலிகளைக் கடையும் இயந்திரங்களைச் சோவியத் யூனியனுக்கு விற்றது 1987இல் அம்பலமானபோது, அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்கள் தோஷிபா வானொலிப் பெட்டியைச் சம்மட்டியால் அடித்து நொறுக்கிக் காட்டினர்! வானொலிப் பெட்டி செய்த குற்றம் என்னவோ. 1996இல் உருவான வாஸனார் ஏற்பாட்டின் கட்டுப்பாட்டுப் பட்டியலிலும் உயர்துல்லிய இயந்திரங்கள் உள்ளன. கணினிக் கட்டுப்பாட்டு இயந்திரங்களின் மூளைக்கு நம் ஆலைகள் ஃபனுக், சீமென்ஸ் போன்ற அந்நிய நிறுவனங்களையே பெரிதும் சார்ந்திருக்கின்றன என்பதை இத்துடன் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மோடி அரசின் விடை என்ன? மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஆய்வுக்கான செலவு 0.64 சதவீதம். 2023இல் சட்டமாக்கப்பட்ட தேசிய ஆய்வு அறக்கட்டளைக்கு ஐந்தாண்டுகளில் 50,000 கோடி ரூபாய் என்றார்கள். அதில் 36,000 கோடி அரசுக்கு வெளியிலிருந்து வர வேண்டுமாம். 2025இல் ஒப்புதல் அளித்த ஒரு லட்சம் கோடி ரூபாய் நிதியோ தனியார் துறைக்கு மலிவான நீண்டகாலக் கடனாகப் போகிறது.

நானோ அளவு துல்லியத்தில் கடையும் இயந்திரத்தைச் சிஎம்டிஐ உருவாக்கிக் காட்டியிருக்கிறது. அதைத் தொழிற்சாலை அளவில் உற்பத்தி செய்யும் பொறுப்பைப் பொதுத்துறையிடம் ஒப்படைத்து, எச்.எம்.டி. ஆலைகளில் முதலீடு செய்ய வேண்டும். பொது நிறுவனங்கள் அந்நிய நிறுவனங்களோடு செய்யும் ஆய்வு ஒப்பந்தங்களின் காப்புரிமை விதிகள் நாடாளுமன்றத்தின் முன் வைக்கப்பட வேண்டும். பொது நிதி பெறும் ஆலைகளில் பயிற்சி முடித்த இளைஞர்கள் ஒப்பந்தத் தொழிலாளர்களாக அலைக்கழிக்கப்படாமல் நிரந்தரமாக்கப்பட வேண்டும். பீன்யாவிலும் ஓசூரிலும் கோவையிலும் ஆலை வாயில் கூட்டங்களில் நம் தோழர்கள் முதலில் எழுப்ப வேண்டியது இந்த நிரந்தரப் பணிக் கோரிக்கையையே.